கடன் இல்லாம ஒரு கலக்கல் கல்யாணம்!

தை பிறந்தா வழி பிறக்குதோ இல்லையோ, நம்ம பசங்களுக்குப் பந்தி பிறந்துடும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம்னு எந்தப் பக்கம் பஸ்ல போனாலும் மண்டப வாசல்ல வாழைமரம், சீரியல் லைட்டு, மேள சத்தம். ஹாஸ்டல்ல பாதிப் பேரைக் காணோம். கேட்டா, "அக்கா கல்யாணம் சார்", "சித்தப்பா பையனுக்கு நிச்சயதார்த்தம் சார்". அட்டெண்டன்ஸ் எடுக்கிற சாருக்கே பத்திரிகை வெச்சு ஆஃப் பண்ணிடறாங்க, கில்லாடிங்க!

"எனக்கு இன்னும் அரியரே க்ளியர் ஆகலை, கல்யாணத்தைப் பத்தி நான் ஏன் படிக்கணும்?"னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க பாஸ். உங்க வீட்ல அடுத்து நடக்கப்போற கல்யாணம் அக்காவோடதா இருக்கலாம், அண்ணனோடதா இருக்கலாம். ஆனா, அந்தக் கல்யாணத்துக்கு வாங்குற கடன்தான் நீங்க எம்.எஸ்ஸி. சேரப் போறீங்களா, இல்ல ஏதாவது கம்பெனி வேலைக்கு பஸ் ஏறப் போறீங்களாங்கறதை முடிவு பண்ணுது. அதனால இந்த வாரம் நாம பேசப் போறது கல்யாண பட்ஜெட். சிக்கனமா, ஆனா செம ஸ்டைலா!

முதல்ல ஒரு வட்டிக் கணக்கு

மேத்ஸ் பிடிக்காதவங்களும் கொஞ்சம் பல்லைக் கடிச்சிட்டுப் படிங்க. வெளியில 3 லட்சம் ரூபாய் வாங்குறோம்னு வெச்சுக்குவோம். ஊர்க் கணக்குல "ரெண்டு வட்டி". அதாவது நூறு ரூபாய்க்கு மாசம் 2 ரூபாய். கேக்க என்னவோ டீ காசு மாதிரிதான் இருக்கும். ஆனா 3 லட்சத்துக்கு மாசம் 6,000 ரூபாய். வருஷத்துக்கு 72,000. மூணு வருஷத்துல 2,16,000 ரூபாய் வட்டியா மட்டும் போயிருக்கும். அசல் 3 லட்சம் அப்படியே சிரிச்சிட்டு உட்கார்ந்திருக்கும்!

இதுவே "மூணு வட்டி"ன்னா மாசம் 9,000. கல்யாணம் ரெண்டு நாள்ல முடிஞ்சிடும். வட்டி, பொண்ணுக்குப் பொறந்த குழந்தை எல்.கே.ஜி. போற வரைக்கும் கூடவே வரும். கரும்பு வெட்டின காசு, மக்காச்சோளம் வித்த காசு எல்லாம் வீட்டுக்குள்ள வராம அப்படியே வாசலோட திரும்பிப் போயிடும்.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல 1989-ல் ஆரம்பிச்ச திருமண உதவித் திட்டம் ஞாபகம் இருக்கா? நம்ம அக்காங்க, அத்தைங்க நிறையப் பேர் அதுல பணமும் தங்கமும் வாங்கியிருப்பாங்க. 2022-ல் தமிழக அரசு அதை அப்படியே படிப்புக்கான திட்டமா மாத்திடுச்சு. அதுதான் "புதுமைப் பெண்". அரசுப் பள்ளியில 6-ல் இருந்து 12 வரைக்கும் படிச்ச பொண்ணுங்க காலேஜ் போனா மாசம் 1,000 ரூபாய்னு 2022 செப்டம்பர் 5-ம் தேதி தொடங்கினாங்க. கல்யாணத்துக்குக் கொடுத்த காசைப் படிப்புக்குத் திருப்பினது சின்ன விஷயமில்லை. ஆனா யோசிச்சுப் பாருங்க... படிக்கிறதுக்கு ஒரு கையில 1,000 வருது. கல்யாணக் கடன் இன்னொரு கையில இருந்து 6,000 புடுங்குது. எந்தக் கை ஜெயிக்கும்?

வில்லன் யாருன்னா, லிஸ்ட்டுதான்!

கல்யாணச் செலவைக் குறைக்கணும்னு உட்கார்ந்தா நம்மாளுங்க முதல்ல கை வைக்கிறது பூ அலங்காரத்துல. அப்புறம் போட்டோகிராபர். உண்மையான வில்லன் அங்க இல்லை. அவர் ஒரு நாற்பது பக்க நோட்டுல, பேரு பேரா உட்கார்ந்திருக்கார். ஆமாங்க, அழைப்பு லிஸ்ட்!

ஒரு உதாரணம். ரேட்டு ஊருக்கு ஊர், சமையல் மாஸ்டருக்கு மாஸ்டர் மாறும். நாம கணக்குக்காக, ராத்திரி டிபனும் காலைச் சாப்பாடும் சேர்த்து தலைக்கு 400 ரூபாய்னு வெச்சுக்கலாம். 1,000 பேர்னா 4 லட்சம். 250 பேர்னா 1 லட்சம். லிஸ்ட்ல 25 பேர் குறைஞ்சா 10,000 ரூபாய் மிச்சம். பூக்காரரோட அரை நாள் பேரம் பேசினாலும் அவ்வளவு குறையாது.

"ஊரைக் கூப்பிடாம எப்படிப்பா?" கரெக்டான கேள்வி. ஆனா 2020 லாக்டவுன்ல என்ன நடந்துச்சு? கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல கூடாதுன்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. ஊரையே திரட்டி நடத்தணும்னு நெனச்ச எத்தனையோ வீட்ல வாசல்ல பந்தல் போட்டு, அம்பதே பேரோட கல்யாணத்தை முடிச்சாங்க. அந்த ஜோடிகளும் இன்னிக்கு நம்மள மாதிரிதான் குடும்பம் நடத்துறாங்க. சாமி குத்தம் எதுவும் ஆகலை!

லிஸ்ட் போடறதுக்கு ஒரு ஈஸி வழி. மூணு பக்கமா பிரிங்க. முதல் பக்கம்: இவங்க வரலைன்னா தாலியே கட்ட முடியாதுங்கிற ஆளுங்க. தாத்தா, பாட்டி, தாய்மாமன், அத்தை, உயிர் நண்பர்கள். இரண்டாவது பக்கம்: வந்தா சந்தோஷம். மூணாவது பக்கம்: "அவர் நம்மளக் கூப்பிட்டார், அதனால நாமளும்..." இந்த மூணாவது பக்கத்துக்குத்தான் நீங்க வட்டி கட்டப் போறீங்க. அவங்களுக்குக் கல்யாணம் முடிஞ்சதும் நேர்ல போய், ஒரு தாம்பூலம் கொடுத்து ஆசி வாங்கிட்டு வாங்க. மண்டபத்துல கூட்டத்துல கை கழுவிட்டுப் போறதை விட, வீடு தேடி வந்த மரியாதை பெருசுன்னு அவங்களே சொல்வாங்க.

மொத்தம் கையில 2 லட்சம்தான்னா இப்படிப் பிரிச்சுப் பாருங்க. சாப்பாட்டுக்கு 1 லட்சம். இடம், பந்தல், சேர், மைக்செட்டுக்கு 30,000. ரெண்டு பேர் டிரஸ்ஸுக்கு 25,000. போட்டோவுக்கு 20,000. பத்திரிகை, பூ, மேளத்துக்கு 15,000. மீதி 10,000-ஐத் தொடக் கூடாது. அது கடைசி நிமிஷத்துல ஜெனரேட்டர் டீசலுக்கும், "கேஸ் தீர்ந்துபோச்சு தம்பி"ங்கற குரலுக்கும்! நகை இந்தக் கணக்குல வரலை. கையில இருக்கறதை வெச்சுப் பண்ணுங்க, நகைக்குன்னு கடன் மட்டும் வேணாம். மஞ்சள் கிழங்கைக் கயித்துல கட்டினாலும் தாலி தாலிதான். நம்ம ஊர்ப் பாட்டிங்களைக் கேட்டுப் பாருங்க!

திருக்கோவிலூர் ஃப்ளாஷ்பேக்

சிக்கனக் கல்யாணம்னா ஏதோ புதுசா கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்க. நம்ம மாவட்டத்துலயே இரண்டாயிரம் வருஷக் கதை ஒண்ணு இருக்கு.

திருக்கோவிலூர்ல தென்பெண்ணை ஆத்துல ஒரு பாறை இருக்கும். கபிலர் குன்று. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியோட ஃப்ரெண்டு கபிலர். மூவேந்தரும் சேர்ந்து பாரியை முடிச்சதுக்கு அப்புறம், அவரோட பொண்ணுங்களுக்கு அப்பா இல்லை, நாடு இல்லை, சீர் செய்ய ஒரு பிடி பொன்னும் இல்லை. கூட நின்னது அப்பாவோட நண்பர் மட்டும்தான். மாப்பிள்ளை தேடி கபிலர் அலைஞ்ச அலைச்சல் புறநானூற்றுல இருக்கு. பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துட்டு, கபிலர் இங்கே உயிர் விட்டார்னு திருக்கோவிலூர் வீரட்டானேஸ்வரர் கோயில்ல முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டே சொல்லுது. ஊர்க்கதையில அந்தக் கல்யாணத்தை ஔவையார் நடத்தி வெச்சதா சொல்வாங்க. யார் நடத்தினாலும் சரி, அது சீர்வரிசை லிஸ்ட் பார்த்து நடந்த கல்யாணம் இல்லை!

அந்த ஃப்ரெண்டு மேட்டர் இப்போ சட்டத்துலயும் இருக்கு, தெரியுமா? 1928 மே 28-ம் தேதி அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தம்ங்கற ஊர்ல பெரியார் தலைமையில முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்துச்சு. ஐயர் இல்லை, ஹோமம் இல்லை, செலவும் இல்லை. ஆனா ரொம்ப வருஷத்துக்கு இந்த மாதிரி கல்யாணத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. சொத்துத் தகராறு வந்தா, "கல்யாணமே செல்லாது"ன்னு கோர்ட்ல நிக்கலாம். அண்ணா முதல்வரானதும் 1967-ல் இந்து திருமணச் சட்டத்துல 7-ஏ பிரிவைச் சேர்த்தார். 1968 ஜனவரியில நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களும் செல்லும்னு சேர்த்தே எழுதிட்டாங்க.

அந்தப் பிரிவு ரொம்ப சிம்பிள். உறவினர்களோ, நண்பர்களோ, வேற யாராவதோ முன்னிலையில, ரெண்டு பேரும் தங்களுக்குப் புரியற மொழியில "இவரைக் கணவரா ஏத்துக்கறேன்", "இவங்களை மனைவியா ஏத்துக்கறேன்"னு சொன்னா போதும். இல்லைன்னா மாலை மாத்திக்கலாம், மோதிரம் போட்டுக்கலாம். இல்லைன்னா தாலி கட்டலாம். இதுல ஏதாவது ஒண்ணு நடந்தாலே கல்யாணம் செல்லும். 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட், இதுக்கு ஊரைக் கூட்டி அறிவிக்கணும்னு கட்டாயம் இல்லைன்னும் சொல்லியிருக்கு.

இதுல ஸ்டைல் எங்கே வருதுன்னு கேக்கறீங்களா? இங்கதான் பாஸ்! உங்க உறுதிமொழியை நீங்களே எழுதலாம். "கடைசி வரைக்கும் உன் சம்பளத்தை உன் கையிலயே வெச்சுக்கோ", "மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை நான் சமைப்பேன்", "உங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னா எங்க அம்மாவுக்கு ஓடற மாதிரி ஓடுவேன்"னு மைக்ல சொல்லிப் பாருங்க. எந்த எல்.இ.டி. ஸ்கிரீனும் கொடுக்காத எஃபெக்ட்டு அது. அய்யர் வெச்சு, நல்ல நேரம் பார்த்துத்தான் பண்ணணும்னு வீட்ல ஆசைப்பட்டா அதுவும் தாராளமா ஓகே. தாலி கட்டி முடிச்சதும் ரெண்டு நிமிஷம் மைக்கை வாங்கிக்குங்க. அவ்வளவுதான்.

மலையில கொஞ்சம் தலைகீழ்

"டெஸ்டினேஷன் வெட்டிங்"னு ராஜஸ்தான் அரண்மனை வரைக்கும் போறாங்க. நமக்கு டெஸ்டினேஷன் கச்சிராயபாளையம் தாண்டினா வந்துடுது. கல்வராயன் மலை!

அங்க வாழற மலையாளிப் பழங்குடி மக்கள்கிட்ட (கேரளா சேட்டன்களை நினைச்சுக்காதீங்க, இவங்க தலைமுறை தலைமுறையா மலையில வாழற நம்மாளுங்க) ஒரு பழைய வழக்கம். கல்யாணம்னா மாப்பிள்ளை வீடுதான் பொண்ணு வீட்டுக்குப் பரியம் கொடுக்கணும். கீழே நம்ம ஊர்ல கார் கேக்கறாங்க, பவுன் கேக்கறாங்க, மாப்பிள்ளை பைக்குக்குப் பெட்ரோல் மட்டும்தான் இன்னும் கேக்கலை. மலையில அப்படியே ரிவர்ஸ். ஒரு பொண்ணு வீட்டை விட்டுப் போனா அந்த வீட்டுக்கு ஒரு உழைப்பு குறையுது, அதுக்கு ஈடு கொடுங்கற நியாயம். பொண்ணுக்கு விலையான்னு இதையும் கேள்வி கேக்கலாம், கேக்கணும். ஆனா "பொண்ணைப் பெத்தவன்தான் கொடுத்துத் தீரணும், அதுதான் உலக வழக்கம்"னு யாராவது சொன்னா, மலை மேல ஒரு தடவை பார்த்துட்டு வரச் சொல்லுங்க.

சட்டப்படி பார்த்தாலும் வரதட்சணை வாங்கறதும் குத்தம், கொடுக்கறதும் குத்தம். 1961-ம் வருஷச் சட்டம். குறைஞ்சது 5 வருஷம் உள்ளே. பொண்ணோ பையனோ தனக்குப் பிரியமா வர்ற பரிசுகளை லிஸ்ட் எழுதி வெச்சுக்கணும்னும் விதி இருக்கு. அந்த லிஸ்ட்டை எழுதற வேலையைத் தம்பி, தங்கச்சி நீங்க எடுத்துக்குங்க.

மலையில இருந்து வந்து படிக்கிற ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு முக்கியமான விஷயம். இந்து திருமணச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குத் தானா பொருந்தாது. உங்க கல்யாணம் உங்க வழக்கப்படிதான் செல்லும். அதனால பதிவு பண்ணி ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி வெச்சுக்கறது உங்களுக்கு ரொம்பவே உதவும். இன்னொண்ணு, மலையோ சமவெளியோ, பொண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகலைன்னா அது சிக்கனக் கல்யாணம் கிடையாது, குழந்தைத் திருமணம். பக்கத்து வீட்ல அப்படி ஒண்ணு நடக்கப் போறது தெரிஞ்சா 1098-க்கு ஒரு போன் போடுங்க. பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு நாளைக்கு உங்க காலேஜுக்கே ஜூனியரா வருவா.

சரி, மலையில கல்யாணம் வெக்கலாமா? ஒரு ஐடியாவுக்கு ஓகே. பிராக்டிகலா யோசிங்க. பாட்டியை வளைஞ்சு வளைஞ்சு போற மலை ரோட்ல வேன்ல ஏத்தி, வாந்தி மாத்திரை கொடுத்து, சமையல் பாத்திரத்தை எல்லாம் மேல தூக்கி... வேணாம் சாமி! முகூர்த்தத்தைக் கீழே சிம்பிளா முடிங்க. அடுத்த நாள் இருபது ஃப்ரெண்ட்ஸோட ஒரு வேன் பிடிச்சு வெள்ளிமலை பக்கம் போயிட்டு வாங்க. புளிசாதம், தயிர்சாதம், கேமரா ஒண்ணு. ரிசப்ஷன் முடிஞ்சுது! அருவிக்குப் போறதா இருந்தா வனத்துறை அனுமதிச்ச இடத்துக்கு மட்டும் போங்க. ஸ்பீக்கர் வேணாம், பாட்டில் வேணாம், வழுக்குப் பாறையில நின்னு செல்ஃபி வேணவே வேணாம்.

நம்ம ஊர்ச் சரக்கே நம்ம ஸ்டைல்

ஸ்டைலுக்கு காசு வேணாம், கொஞ்சம் யோசனை போதும். அடுத்தவங்க கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக் காப்பி அடிச்சா காசுதான் போகும். நம்ம மண்ணுல இருக்கறதை எடுத்தா வேற எவனும் காப்பி அடிக்க முடியாது.

மரம்: கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. தேர்ச் சிற்பம், சாமி சிலைன்னு செதுக்கற கைகள் நம்ம தெருவுலயே இருக்கு. மாப்பிள்ளை, பொண்ணு பேரைச் செதுக்கி ஒரு சின்ன மரப்பலகை செஞ்சு மண்டப வாசல்ல வைங்க. கல்யாணம் முடிஞ்சதும் அதையே வீட்டு வாசல்ல மாட்டிடலாம். தெர்மாகோல் ஹார்ட்டு குப்பைக்குப் போகும், பலகை பேரன் காலம் வரை நிக்கும்.

சாப்பாடு: 21 அயிட்டம் போட்டு, இலையில பாதி மிச்சம் வெச்சு மூடறதுதான் இப்போ ட்ரெண்டு. எட்டே அயிட்டம் போடுங்க, எட்டும் சூடா, ருசியா. அதுல ஒண்ணு மட்டும் ஊரே பேசணும். கல்வராயன் மலைச் சாமையில நாட்டு வெல்லம் போட்டு ஒரு பாயசம். கடுக்கண் போட்ட தாத்தா ரெண்டாவது தடவை டம்ளரை நீட்டுவார், பாருங்க! 2019 ஜனவரி 1-ல் இருந்து தமிழ்நாட்டுல ஒருமுறை தூக்கிப் போடற பிளாஸ்டிக் கப்பு, தட்டு எல்லாம் தடை. வாழை இலையும் பாக்குமட்டைத் தட்டும் சட்டத்துக்கும் நல்லது, போட்டோவுக்கும் அழகு.

டிரஸ்: ஒரே நாள் கட்டிட்டு பீரோவுல தூங்கப் போற புடவைக்கு அரை லட்சமா? முகூர்த்தத்துக்கு அம்மாவோட கல்யாணப் பட்டை எடுங்க. பிளவுஸை மட்டும் புது டிசைன்ல தைங்க. "எங்க அம்மா புடவை"ன்னு சொல்றப்போ பொண்ணு முகத்துல வர்ற பளபளப்பு எந்த பியூட்டி பார்லர்லயும் கிடைக்காது. அம்மா கண்ணுல தண்ணி வரும், அதுக்கு நான் பொறுப்பில்லை! மாப்பிள்ளை சார், வாடகைக் கோட்டு போட்டு வேர்த்து வழியாதீங்க. நல்ல கைத்தறி வேட்டி, சட்டை. அதையே தீபாவளிக்கும் போடலாம்.

பத்திரிகை: பெரியவங்களுக்கு மட்டும் மஞ்சள் தடவி, கையில கொடுக்க நூறு பத்திரிகை. மத்தவங்களுக்கு வாட்ஸ்அப். டிசைன் உங்க கிளாஸ்ல படம் போடற பொண்ணு பண்ணட்டும். ஆனா ஒண்ணு, தாய்மாமனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீங்க!

நாள்: எல்லாரும் பிடிக்கிற பெரிய முகூர்த்த நாள்ல மண்டபம், மேளம், சமையல், போட்டோ எல்லாம் டிமாண்டு. அதே மாசத்துல வர்ற வார நாள் முகூர்த்தத்தைக் கேட்டுப் பாருங்க, பேரம் பேச இடம் இருக்கும். மண்டபம் பேசும்போது வாடகையை மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. கரண்ட்டு, ஜெனரேட்டர், கிளீனிங், பாத்திரம், வெளியாள் சமையல் உண்டா, இல்லையா... எல்லாத்தையும் கேட்டு ரசீதுல எழுதி வாங்குங்க. வாயால சொன்ன ரேட்டு, பில்லு வரும்போது வேற வாயால பேசும்!

பேனர் மட்டும் வேண்டாம் மச்சி

இது உங்களுக்கே உங்களுக்கான பகுதி. நண்பனுக்குக் கல்யாணம்னா நம்ம பங்கு என்ன? இருபது பேர் காசு போட்டு, "சிங்கம் சிக்கிருச்சு"ன்னு எழுதி, கூலிங் கிளாஸ் போட்ட நம்ம போட்டோவை வரிசையா அடிச்சு, ரோட்டோரத்துல ஒரு ஃப்ளெக்ஸ்.

2019 செப்டம்பர் 12-ம் தேதி. சென்னை பள்ளிக்கரணையில ரோட்டு நடுவுல சட்டவிரோதமா வெச்சிருந்த ஒரு பேனர் சரிஞ்சு, ஸ்கூட்டர்ல போன 23 வயசு பொண்ணு மேல விழுந்துச்சு. அவங்க தடுமாறி விழ, பின்னால வந்த தண்ணி லாரி ஏறிடுச்சு. சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை பார்த்த பொண்ணு. அது என்ன பேனர் தெரியுமா? ஒரு கல்யாண பேனர். யாரோ ரெண்டு பேர் சந்தோஷமா இருக்கறதை ஊருக்குச் சொல்ல வெச்சது.

ஜோக்கு எழுத ஆயிரம் இடம் இருக்கு ஃப்ரெண்ட்ஸ். அந்தக் காசை இப்படிப் போடுங்க. இருபது பேர், தலைக்கு 300 ரூபாய்னா 6,000. அதுல ஒரு நல்ல ஆல்பம் போடலாம். இல்லைன்னா அந்த மரப்பலகையை நீங்க வாங்கிக் கொடுக்கலாம். காசே இல்லையா? ரொம்ப நல்லது! ஒருத்தன் மைக் பிடி. ஒருத்தன் வண்டி நிறுத்த வழி காட்டு. நாலு பேர் பந்தியில சாம்பார் வாளியைத் தூக்கு. ரெண்டு பொண்ணுங்க வாசல்ல கோலம் போட்டு வரவேற்கட்டும். ஆள் வெச்சுச் செய்யற வேலையில பாதியை நீங்க செஞ்சா, அதுதான் அந்த வீட்டுக்குப் பெரிய மொய்!

மொய் வருமானம் இல்லைங்கோ

"செலவு ஆனா என்ன, மொய் வரும்ல!" இந்த ஒரு டயலாக்குலதான் பல பட்ஜெட் கவுந்திருக்கு. மொய்ங்கறது ஒரு அருமையான ஏற்பாடு. பேங்க் இல்லாத காலத்துல ஊரே சேர்ந்து ஒரு குடும்பத்துக்குக் கை கொடுத்தது. ஆனா அது திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு. 500 எழுதினவர் வீட்டு விசேஷத்துக்கு நீங்க குறைஞ்சது 500 எழுதியாகணும். மைக்ல வேற வாசிப்பாங்க! அதனால மொய்யை நம்பி ஒரு ரூபாய்கூட செலவைக் கூட்டாதீங்க. கல்யாணம் முடிஞ்ச மறுநாளே மொய் நோட்டைப் பத்திரமா எடுத்து வெச்சு, வந்த காசைத் தனியா போட்டு வையுங்க. அடுத்த அஞ்சு வருஷ விசேஷத்துக்கு அதுலருந்தே எழுதலாம்.

அப்பாகிட்ட எப்படிப் பேசறது?

எல்லாம் சரி, பூனைக்கு யார் மணி கட்டறது? ராத்திரி சாப்பிட்டு அப்பா வாசல்ல உட்காரும்போது ஆரம்பிங்க. கல்யாணம் பேசி முடிச்சு, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த அப்புறம் பேசினா பிரயோஜனம் இல்லை.

"ஏம்ப்பா, அக்கா கல்யாணத்துக்கு எவ்ளோ ஆகும்?"

"அதெல்லாம் உனக்கெதுக்குடா? நான் பார்த்துக்கறேன்."

"இல்லப்பா, சும்மா எழுதிப் பார்க்கலாம்னு."

அவ்வளவுதான். ஒரு பேப்பர், ஒரு பேனா. அறிவுரை சொல்லாதீங்க. "நீங்க வீண் செலவு பண்றீங்க"ன்னு ஒரு வார்த்தை வந்தா முடிஞ்சுது கதை. அந்த மனுஷன் வாழ்நாள் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்த கௌரவத்தை நீங்க தட்டி விடறதா நினைப்பார். வட்டிக் கணக்கை மட்டும் அவர் வாயாலயே போட வைங்க. அந்த 72,000 ரூபாய் பேப்பர்ல வந்து நிக்கும்போது அவரே கொஞ்ச நேரம் பேச மாட்டார்.

அடுத்து வரும், "ஊர்ல நாலு பேர் என்னடா சொல்வாங்க?" இதுக்குச் சண்டை போடாதீங்க. அந்த நாலு பேர்ல ஒருத்தரை உங்க பக்கம் இழுங்க. வீட்டுக்கு வீடு ஒரு பெரியப்பாவோ அத்தையோ இருப்பாங்க, அப்பா அவங்க சொன்னா கேப்பார். அக்காவும் மாப்பிள்ளை மாமாவும் ஒரே குரல்ல "எங்களுக்குச் சிம்பிளா போதும்பா"ன்னு சொல்லிட்டா பாதி மலை ஏறின மாதிரி. கல்யாணம் அவங்களோடது. அவங்க வாய் திறக்கணும்.

ஜாதி மாறி கல்யாணம் பண்றவங்களுக்கு வேற பயம். சமூக நலத் துறையில டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல கலப்புத் திருமண உதவித் திட்டம் இருக்கு, மாவட்ட சமூக நல அலுவலகத்துல விசாரிங்க. இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு மிரட்டல் வந்தா பாதுகாக்க மாவட்டத்துக்கு மாவட்டம் தனிப் பிரிவு வேணும்னு 2018-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டிருக்கு. பெண்களுக்கு 181. பயந்துகிட்டு யார்கிட்டயும் சொல்லாம ஓடறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சு வெச்சுக்குங்க.

நம்ம மாவட்டத்துக்கு இன்னொரு கல்யாணப் பெருமையும் இருக்கு. உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகம். சித்திரையில ஆயிரக்கணக்கான திருநங்கைகள் கூத்தாண்டவருக்காகத் தாலி கட்டிக்கற ஊர். அது சாமிக்குக் கட்டற தாலி. நிஜ வாழ்க்கையில கட்டற தாலிக்கும் கோர்ட் வழி திறந்திருக்கு. இந்து திருமணச் சட்டத்துல "மணமகள்"னா அதுல திருநங்கையும் அடக்கம்னு 2019 ஏப்ரல்ல ஐகோர்ட் மதுரைக் கிளை தீர்ப்புச் சொல்லியிருக்கு.

கடைசியா ஒரு கையெழுத்து

ஆல்பத்துக்கு எத்தனை போட்டோன்னு கவலைப்படற நாம, பதிவை மறந்துடறோம். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ல் வந்துச்சு. எந்த மதமா இருந்தாலும், எப்படிப் பண்ணினாலும், கல்யாணம் ஆன 90 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். தவறினா இன்னும் 60 நாள் டைம் உண்டு, கூடுதல் கட்டணத்தோட. அதுக்கு மேல போனா தலைவலிதான். கல்யாணப் பத்திரிகை, ரெண்டு பேரோட வயசுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ, சாட்சிகள். சார்பதிவாளர் ஆபீஸ்ல விசாரிச்சுட்டுப் போனா ஒரு நாள் வேலை. வேற வேற மதம்னா 1954 சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கு. அதுக்கு 30 நாள் முன்கூட்டி நோட்டீஸ், மூணு சாட்சி. மூணாவது சாட்சியா ஃப்ரெண்டு நீங்கதான் போய் நிக்கணும்!

இந்தக் கையெழுத்துதான் கல்யாணத்துலயே சீப்பான அயிட்டம். நாளைக்கு பாஸ்போர்ட், இன்ஷூரன்ஸ், பென்ஷன்னு எதுக்குப் போனாலும் முதல்ல கேக்கறதும் இதைத்தான். பந்தியில எத்தனை கூட்டு வெச்சீங்கன்னு எந்த ஆபீசரும் கேக்க மாட்டார்.

ஸோ, இந்த வார ஹோம்வொர்க். வீட்ல அடுத்து யாருக்குக் கல்யாணமோ, அவங்களோட உட்கார்ந்து அந்த மூணு பக்க லிஸ்ட்டை எழுதிப் பாருங்க. மூணாவது பக்கத்துல எத்தனை பேர்னு எண்ணி, 400-ஆல பெருக்குங்க. வர்ற தொகைக்கு நீங்க என்ன படிக்கலாம்னு யோசிங்க.

அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரைக்கும் யார் கல்யாணத்துக்குப் போனாலும் இலையில மிச்சம் வைக்காதீங்க, சரியா?